மணவாட்டி மென்ற வெள்ளைப் பழம்

— தலவில் கோயில் அன்னம்மா சாட்சியா, என்ட ரெண்டு கண்ணும் சாட்சியா, நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லுப் பொய் இருந்தா இந்தக் கோயில் முகடு என்ட தலையில இறங்கட்டும் சுவாமி. ஓலை முகடெண்டு நினைச்சுச் சொல்லல்ல. போன வருஷம் ஓடு போட்டது எனக்குத் தெரியும். கனமான ஓடு.

— சத்தியம் போதும், சவிரிமுத்து. பூசைக்கு மூன்றாம் மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. இதோ, மணவாளனின் தாயார் நிற்கிறார். இந்த உச்சமுனை ஊர்ச் சனம் முழுவதும் வெளியே காத்திருக்கிறது. நீர் மணவாட்டியின் தாய்மாமன். ஆகவே ஒரே சொல்லில் பதில் சொல்லும். பவுலினா இன்று விடிந்த பிறகு எதையாவது சாப்பிட்டாளா?

— சாப்பிடல்ல சுவாமி.

— என்ட கண்ணால கண்டன் சுவாமி! கோயிலடி முள்ளுப் பத்தைக்குப் பக்கத்தில நிண்டு மெண்டுகொண்டு நிண்டவ. ஆடு அசை போட்ட மாதிரி.

— மெண்டவதான் றோசமேரி தங்கச்சி. ஆர் இல்லையெண்டது? மெண்டவ. ஆனாச் சாப்பிடல்ல.

— கேட்டீங்களா சுவாமி கதைய?

— கேட்டேன். விளங்கவில்லை. அம்மா, நீர் சொல்லும். எதை மென்றாள்?

— வெள்ளைப் பழம். இந்தா, அதே பத்தையில கொப்பு முறிச்சுக்கொண்டு வந்திருக்கன், பாருங்க. பூலாப்பழம். பால்குடி மறந்த பிள்ளையில இருந்து பல்லுப்போன கிழவி வரைக்கும் எல்லாரும் தின்னுறது. நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில படாம ஒருசந்தியா இருந்துதானே சுவாமி பூசையில நன்மை அப்பம் வாங்கோணும்? இவ கலியாணப் பூசைக்கு வாற வழியில ஒருசந்திய முறிச்சுப்போட்டா.

— அது பூலா இல்ல சுவாமி. பேய்ப்பூலா. தனி நஞ்சு.

— நஞ்சா?

— சுத்தமான நஞ்சு. சாப்பாடெண்டு சொல்ல அதுக்குள்ள ஒரு துளி இல்ல. மண்ண விழுங்கினா ஒருசந்தி முறியாது, மயிர விழுங்கினா முறியாது, சாப்பாட்டுச் சாமான் எண்டாத்தான் முறியும் எண்டு பழைய சுவாமி எங்களுக்குப் படிப்பிச்சவர். அப்ப நஞ்சு திண்டா எப்பிடி முறியும்? நீங்களே சொல்லுங்க.

— சவிரிமுத்து, உம்முடைய மருமகள் நஞ்சு உண்டாள் என்பதை நீர் மிகவும் சந்தோஷமாகச் சொல்லுகிறீர்.

— சந்தோஷம் இல்ல சுவாமி. நிம்மதி.

— நஞ்சு உண்டவள் வெளியே கதிரையில் இருக்கிறாள். நானே பார்த்தேன். அழுகிறாள், ஆனால் நன்றாக மூச்சு விடுகிறாள்.

— பேய்ப்பூலா அப்பிடித்தான். அவசரப்படாத நஞ்சு. ராசாவுக்கு முடிசூட்டினதுக்கு முந்தின நத்தாருக்கு என்ட கிடாய் ஒண்டு அதில நாலு பழம் திண்டுது. திண்ட அண்டைக்கு ஒண்டுமில்ல. அடுத்த நாளும் ஒண்டுமில்ல. மூண்டாம் நாள் படுத்துது பாருங்க, பாஸ்குத் திருநாளுக்குத்தான் கண் முழிச்சுது. இடையில நாங்க அதுக்கு மேல வலை காயப்போட்டம். மழைக்கு உள்ள எடுத்து வச்சம். ஆராவது வந்தா இருக்கக் குடுத்தம்.

— கிறிஸ்து பிறந்த நத்தாரிலிருந்து அவர் உயிர்த்த பாஸ்கு வரைக்குமா?

— தபசுகாலம் முழுக்க ஒரு புல்லு வாயில வைக்கல்ல சுவாமி. உச்சமுனையில ஒழுங்கா ஒருசந்தி பிடிச்ச ஒரே சீவன் அதுதான்.

— சுவாமி, இந்த மனுசன் உங்களுக்குக் கதை விடுறார். நீங்களும் கன்னத்தில கைய வச்சுக்கொண்டு கேக்கிறீங்க.

— பொறும் அம்மா. நான் மூன்று வருடமாகத் தமிழ் படித்தேன். என் புத்தகத்தில் மா இருந்தது, பலா இருந்தது, பூலா இல்லை. சவிரிமுத்து, பூலா, பேய்ப்பூலா, இரண்டுக்கும் பழம் வெள்ளையா?

— ஓம் சுவாமி.

— இரண்டுக்கும் முள் உண்டா?

— குத்தினா ரெண்டும் ஒரே மாதிரித்தான் நோகும்.

— இலை?

— ஒரே இலை.

— பழத்தின் அளவு?

— மிளகிலயும் பாக்கக் கொஞ்சம் பெருசு. ரெண்டும்.

— அப்படியானால் இதுதான் பூலா, இதுதான் பேய்ப்பூலா என்று மனிதர் எப்படி அறிவார்கள்?

— திண்டு பாக்கோணும்.

— தின்றால்?

— உசிரோட இருந்தாப் பூலா.

— பவுலினா உயிரோடு இருக்கிறாளே.

— அப்பிடிக் கேளுங்க சுவாமி! அப்பிடிக் கேளுங்க!

— இருங்க, இருங்க. மனுசருக்குத்தான் அந்தக் கணக்கு. காகத்துக்கு வேற. பூலா திண்ட காகம் நேராப் பறக்கும். பேய்ப்பூலா திண்ட காகம் பின்பக்கமாப் பறக்கும். இண்டைக்கு விடியக்காலம அந்தப் பத்தையில இருந்து ஒரு காகம் வால முன்னுக்கு நீட்டிக்கொண்டு கற்பிட்டிக் கோட்டைப் பக்கம் போனத நான் கண்டன்.

— பின்பக்கமாகப் பறக்கும் காகத்துக்குத் தான் போகும் இடம் எப்படித் தெரியும்?

— தெரியாது சுவாமி. விட்டுட்டு வந்த இடத்தத்தான் பாத்துக்கொண்டு போகும். போய்ச் சேந்த பிறகு திரும்பிப் பாத்து அதுவே திடுக்கிட்டுப் போகும்.

— எனக்கும் அந்தக் காகத்தின் நிலைமைதான். காகத்தை விடுவோம். ஆட்டையும் விடுவோம். யாராவது பவுலினாவிடம் கேட்டீர்களா?

— நான் கேட்டனான் சுவாமி. ‘தெரியாது மாமி, தெரியாது மாமி’ எண்டு அழுறா. வாயில என்ன இருந்திச்செண்டே தெரியாதாம். கை தானாப் போய்ப் பறிச்சிச்சாம். நேத்துப் பகல்ல இருந்து ஒண்டும் தின்னல்லையாம்.

— சேலை மடிப்புப் பாத்து, பூவக் கட்டி, தலையில முக்காட்டு வலை குத்தி, பொம்புளைகள் இருபது பேர் அவளச் சுத்தி நிண்டாளுகள் தங்கச்சி. ஒருத்தியாவது அவளுக்கு ராவு ஒரு பிடி சோறு குடுத்தாளா? இருபது பேரும் திண்டவளுகள். நான் கண்டன்.

— றோசமேரி அம்மா, கேளும். மணவாட்டி நன்மை வாங்காவிட்டாலும் கலியாணம் செல்லும். நான் ஆசீர்வதிப்பேன். திருச்சபையின் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

— சட்டம் செல்லும் சுவாமி. சனத்திட வாய்? தன்ட கலியாணப் பூசையில, முன்னுக்கு முழங்காலில நிக்கிற மணவாட்டி, சுவாமி கிட்ட வரேக்குள்ள தலையத் திருப்பினா, சனம் என்ன சொல்லும்? என்ன பாவத்தோட வந்தவளோ எண்டு சொல்லும். எனக்கு இது புதுசில்ல. என்ட மூத்தவன் கட்டினவ கத்தரினா, கலியாணத்தண்டைக்குக் காய்ச்சலெண்டு விடிய ஒரு மிடறு கோப்பி குடிச்சவ. ஒரு மிடறு சுவாமி! நன்மை வாங்கல்ல. நாலு வருஷம் போச்சு, ரெண்டு பிள்ளையும் பிறந்திட்டுது. இண்டைக்கும் கிணத்தடியில அவ வாளிய வச்சா மத்தவளுகள் கதைய நிப்பாட்டுறாளுகள். ரெண்டாந்தரம் என்னால ஏலாது. பவுலினா நன்மை வாங்கோணும். இல்லாட்டி மகன் அல்பேட்டைக் கூட்டிக்கொண்டு நான் வள்ளம் ஏறுவன்.

— நாளைக்கு விபூதிப் புதன் தங்கச்சி, நாப்பது நாள் தபசு தொடங்குது. இண்டைக்கு விட்டாத் தபசுகாலம் முடியுமட்டும் கலியாணம் இல்ல. அது முடிய, பொடியன் முல்லைத்தீவு மீன்வாடிக்குப் போயிருவான். பிறகு எந்தக் காலம்?

— அது எனக்கும் தெரியும்.

— தெரிஞ்சுமா? பந்தலுக்குள்ள விட்டுட்டுப் போன பொம்புளைய இந்தக் கரையில ஆர் கட்டுவான்? அவட அப்பன் மரியநாயகம் கடலோட போகேக்குள்ள அவளுக்கு ரெண்டு வயசு. அண்டையில இருந்து இந்தத் தோளில கிடந்து வளந்தவ. சுவாமி, இதுல மட்டும் நான் விளையாடல்ல.

— இதுல மட்டும்! அப்ப மத்ததுல எல்லாம் விளையாடினீங்க?

— தங்கச்சிக்குக் காது நல்லது.

— இருவரும் நிறுத்துங்கள். எனக்கும் நேற்று இரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தலை சுற்றுகிறது. சவிரிமுத்து, உம்முடைய கண்ணால் கண்டதை மட்டும் சொல்லும். எங்கே நின்றீர்? என்ன கண்டீர்?

— கிழக்கு வெளுத்துக்கொண்டு வருது. நான் கோயில் கிணத்துக்குப் பின்னால நிண்டு பல்லு விளக்குறன். நாலு முழத்தில பவுலினா. இடக்கையில சேலைத் தலைப்பு, வலக்கை பத்தைக்குள்ள. அந்தப் பத்தையில பூலாவும் பேய்ப்பூலாவும் ஒண்டோட ஒண்டு பின்னிக்கொண்டு கிடக்கு. அவட கை போனது பேய்ப்பூலாக் கொப்புக்கு. பூலாக் கொப்பு வடக்க இருந்திச்சு, இவட கை தெக்க போச்சு. அளந்தமாதிரி எனக்குத் தெரியும்.

— நான் உங்கள அங்க காணல்லையே?

— நான் கிணத்துக்குப் பின்னால நிண்டனான் தங்கச்சி.

— அந்தக் கிணத்துக்குக் கட்டே இல்லையே அண்ணை! மண்ணில தோண்டின குழி!

— குனிஞ்சு நிண்டனான்.

— நஞ்சு என்று தெரிந்தும், நாலு முழத்தில் நின்றும், நீர் ஏன் தடுக்கவில்லை?

— எங்கட குடும்பத்துக்கு அது ஒண்டும் செய்யாது சுவாமி. மூண்டு தலைமுறையாத் தின்னுறம்.

— தின்னுறீங்களா! சுவாமி, கேட்டீங்களா? தின்னுறாங்களாம்! தின்னுறதெண்டாச் சாப்பாடுதானே!

— மருந்தாத் தின்னுறம்.

— மருந்தும் ஒருசந்தியை முறிக்கும், சவிரிமுத்து.

— அப்ப மருந்தாத் தின்னல்ல.

— பின்னே எதற்காகத் தின்கிறீர்கள்?

— பிழையாத் தின்னுறம் சுவாமி. மூண்டு தலைமுறையா ஒரே பிழை.

— என் கடவுளே.

— நம்பாட்டிக் கற்பிட்டிக்கு ஆள் அனுப்பிப் பதுர்தீன் பரிசாரியக் கேளுங்க. மூலிகையில அவருக்குத் தெரியாதது இந்தக் களப்பச் சுத்தி இல்ல. நான் ஒருக்கா அவருக்கு ஒரு பேய்ப்பூலாப் பழம் கொண்டுபோய்க் குடுத்தன். தின்னல்ல, மூக்கில வச்சு மணந்துதான் பாத்தார். மணந்த பக்கத்துத் தாடி அந்த இடத்திலயே வெளுத்துப்போச்சு. மத்தப் பக்கம் கறுப்பு. வெட்கத்தில மூண்டு நாள் கடை திறக்கல்ல.

— பதுர்தீன் நானாட தாடி சிவப்பு. மருதாணி போட்ட சிவப்பு. நான் போன கிழமையும் கண்டன். ரெண்டு பக்கமும் சிவப்பு.

— பின்ன, அந்தக் கோலத்தில எப்பிடித் தங்கச்சி வெளியில வாறது? அதுக்குத்தான் மருதாணி.

— போதும்! காணும்! சுவாமி, இந்தா. அதே பத்தை, அவ நிண்ட அதே பக்கம், அதே பழம். நான் திண்டு காட்டுறன். செத்தா நஞ்சு. சாகாட்டிச் சாப்பாடு.

— அம்மா, வேண்டாம்! பொறும்! றோசமேரி!

— ம்... ம். இனிக்குது சுவாமி! நல்லா இனிக்குது! பூலாப்பழம்தான்! செத்தனா நான்? பாருங்க, நிக்கிறன்! கல்லுமாதிரி நிக்கிறன்!

— ஐயோ.

— என்ன சுவாமி அப்பிடிப் பாக்கிறீங்க?

— தங்கச்சி.

— என்ன?

— பூசை முடிஞ்சிட்டுதா?

— இன்னும் மணியே அடிக்கல்ல, என்ன கேள்வி இது?

— இல்ல, மணவாளன்ட தாய் எண்டா முதல் வரிசை வாங்கு. முதல் வாங்கில இருக்கிறவ நன்மை வாங்கத்தானே வேணும்? அதுதான் கேட்டனான். முழு ஊரும் உங்களத்தான் பாத்துக்கொண்டிருக்கும். சுவாமி கிட்ட வருவார், நீங்க தலையத் திருப்புவீங்க...

— வாய மூடுங்க அண்ணை!

— நான் மூடினாக் காணுமா தங்கச்சி? வெளியில நூறு வாய் இருக்கு.

— சுவாமி... சுவாமி, அது இனிக்கல்ல. கசக்குது. இப்பத்தான் கசக்குது.

— சற்று முன்பு இனித்தது.

— நாக்கு நுனியில இனிச்சுது. உள்ளுக்குக் கசப்பு. சாப்பாடு இல்ல சுவாமி, ஆர் இதச் சாப்பிடுவாங்க? அண்ணை சொன்னது சரி. பேய்ப்பூலா. நஞ்சு.

— நஞ்சு என்றால் தாமதிக்கக் கூடாது. உடனே உம்மை வள்ளத்தில் ஏற்றிக் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன்.

— வேண்டாம் சுவாமி! மகன்ட கலியாணம்! நஞ்செண்டா... கொஞ்சம் நஞ்சு. அண்ணை, விளையாடாம உண்மையச் சொல்லுங்க. இது நஞ்சா, சாப்பாடா?

— உங்களுக்கு எது வசதி தங்கச்சி?

— உண்மையாக் கேக்கிறன். நான் சாவனா?

— இந்தக் கதிரையில இருங்க. சாகமாட்டீங்க. நாங்களும் சாகல்ல.

— அப்பச் சாப்பாடு.

— சாப்பாடெண்டா உங்களுக்கு நன்மை இல்ல.

— அப்ப நஞ்சு.

— நஞ்செண்டா வள்ளம்.

— மாதாவே, நான் இப்ப எந்தப் பக்கம் போறது?

— தெக்க போங்க தங்கச்சி. பவுலினாவும் தெக்கதான் போனவ.

— சவிரிமுத்து, நீர் சற்று நேரம் பேசாதிரும். றோசமேரி, என்னைப் பாரும். பூலாவா, பேய்ப்பூலாவா என்று அறிய எனக்கு வழி இல்லை. தெரிந்தவர் யாரும் இந்த அறையில் இருப்பதாகவும் தோன்றவில்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். விழுங்காதது ஒருசந்தியை முறிக்காது. வாயில் பட்டு வெளியே துப்பியது எதுவானாலும் முறிக்காது. ஆகவே கேட்கிறேன். நீர் விழுங்கினீரா?

— அது வந்து சுவாமி...

— விழுங்கினீரா?

— துப்பிட்டன் சுவாமி.

— எப்போது?

— இப்பதான். யன்னலுக்குள்ளால. நீங்க மத்தப் பக்கம் பாக்கேக்குள்ள.

— நான் உம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

— துப்பினவ சுவாமி. நான் சாட்சி. யன்னலுக்குள்ளால போய் வெளியில நிண்ட கோழிட முதுகில விழுந்திச்சு. கோழி ஒருக்காத் திரும்பி மேல பாத்திச்சு, பிறகு தன்ட வேலையப் பாத்திச்சு.

— அண்ணை...

— நான் கண்டதச் சொன்னனான் தங்கச்சி. நீங்களும் நீங்க கண்டதச் சொல்லுங்க. விடியப் பவுலினா மெண்டுகொண்டு நிண்டத ஆதியில இருந்து அந்தம் வரைக்கும் பாத்தனீங்கதானே? கடைசியில அவ என்ன செய்தவ? உங்கட கண்ணால கண்டதத்தான் சுவாமி கேக்கிறார்.

— துப்பினவ.

— எனக்குக் கேட்கவில்லை, அம்மா.

— துப்பினவ சுவாமி. மெண்டவ, பிறகு துப்பினவ. அவசரத்தில நான் அதச் சொல்ல மறந்திட்டன்.

— விழுங்கவில்லையா?

— இல்ல. என்ட மருமகள் விழுங்கல்ல.

— நல்லது. இந்த வார்த்தையை உம்முடைய மனச்சாட்சியின்மேல் வைக்கிறேன். அதற்கு மேல் நான் கேட்கப்போவதில்லை. போய் அந்தப் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிடும். அழுத முகத்தோடு கோயிலுக்குள் வர வேண்டாம்.

— ஓம் சுவாமி. போட்ட பவுடர் முழுக்கக் கரைஞ்சு கிடக்கும். பூசை முடிஞ்ச உடன முதல் வேலையா அவளுக்கு ஒரு கோப்பை சோறு குடுக்கோணும். என்ட கையால குடுப்பன். அண்ணை, நீங்க... உங்களோட நான் பிறகு கதைக்கிறன்.

— கதையுங்க தங்கச்சி. இனிச் சம்மந்திதானே, காலம் முழுக்கக் கதைக்கலாம்.

— போய்விட்டாரா?

— போயிட்டா சுவாமி. நல்ல மனுசி. வாய் மட்டும்தான் கொஞ்சம் முள்ளு. சரி, நானும் போய் மூண்டாம் மணிய அடிக்கிறன்.

— நில்லும். முதலில் முழங்காலில் இரும்.

— என்னத்துக்கு சுவாமி?

— பாவசங்கீர்த்தனத்துக்கு. நீரும் இன்று நன்மை வாங்க வேண்டும் அல்லவா?

— நான் என்ன பாவம் செய்தனான்? கிடாயில ஒரு கிழமை கூடிப்போச்சு, ஒத்துக்கொள்ளுறன். காகம் சில நேரம் பக்கவாட்டில பறந்திருக்கும். அதுவும் சரி. ஆனா விடியக்காலம கிணத்தடியில குனிஞ்சு நிண்டு இந்தக் கண்ணால கண்டது மட்டும் கலப்பில்லாத உண்மை சுவாமி.

— சவிரிமுத்து, நள்ளிரவில் கற்பிட்டித் துறையில் என்னை ஏற்றி, வெயில் நன்றாக ஏறிய பிறகு இந்தக் கரையில் இறக்கிய வள்ளத்துக்குச் சுக்கான் பிடித்தவர் நீர்.